மண்டோருக்குக் கால் எட்டாத நாற்காலி

இந்தக் கடையில் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நான் வைத்திருக்கும் ஒரே வேலை உட்காருவது. கடைக்குள் கிடக்கும் பழைய நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஒன்று விடாமல் உட்கார வேண்டும். நுனியில் தொற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. முதுகைச் சாய்த்து, கையைக் கைப்பிடியில் போட்டு, சொந்த வீட்டில் உட்காருவதுபோல உட்கார வேண்டும். போன வாரம் உங்களில் ஒருவர், "பரவால்ல ஆன்டி, நான் நின்னே பாத்துக்கிறேன் லா" என்றார். மரியாதை தெரிந்த பிள்ளை. அந்த மரியாதையை வீட்டிலேயே வைத்துவிட்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கிழவிக்குத் திமிர் என்று நீங்கள் பின்னால் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. திமிர்தான். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடையை மகளிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கியாயிற்று. ஆனாலும் சுங்கை வேயில் இந்த வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் புது வீடு கட்டுகிறவர்கள் வருகிறார்கள். "துரை காலத்து கிளப் சேர் வேணும், ஒரிஜினல்" என்கிறார்கள். வட்டமான கை, தடித்த தோல், உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும் ஆழம். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். "இது யாரு உக்காந்த சேரு?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. நீங்களும் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறேன். எந்தத் துரை உட்கார்ந்தான் என்று கதை சொன்னால் சாமான் சீக்கிரம் போகும் என்று மகள்கூட என்னோடு சண்டை போடுகிறாள். போகட்டும், நான் மாறப்போவதில்லை.

ஜப்பான்காரன் வந்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடை ஒன்றில் வேலை செய்தோம். அவர் நாற்காலிச் சட்டம் செய்கிற தச்சர். நான் குஷன் வேலை: நாடா கட்டுவது, ஸ்பிரிங் தைப்பது, நார் திணிப்பது, தோல் இழுத்து ஆணி அடிப்பது. முதலாளி நாகப்பட்டினம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். கை சுத்தமான மனிதர், ஆனால் பயந்த சுபாவம். வெள்ளைக்காரர்கள் ஓடிப்போன பிறகு கிளப்புகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் கிடந்த சாமான்கள் கை மாறி மாறி எங்களிடம் வந்து குவிந்தன. சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு, வேலைக்கு நடுவில் துரைமார்களின் தோல் நாற்காலிகள். அப்படி ஒரு வேடிக்கையான காலம்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. நாற்காலியில் வேலையாட்கள் யாரும் உட்காரக் கூடாது. முதலாளியும் உட்கார மாட்டார். "சாமான் வாங்குறவங்களுக்குத்தான்மா. நம்ம உக்காந்தா அது பழசாயிடும்" என்பார். ஏற்கெனவே பழைய சாமான்தானே என்று யாரும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் துரை முன்னால் நின்று பழகினவர்களின் பிள்ளைகள் நாங்கள். உட்காரக் கூடாது என்றால் எங்களுக்கு அது வினோதமாகவே படாது. வேலை முடிந்த நாற்காலியைச் சோதிக்க ஒரு மணல் மூட்டை வைத்திருந்தோம். மூட்டையைத் தூக்கி நாற்காலியில் போடுவோம். ஸ்பிரிங் முனகாமல், சட்டம் ஆடாமல் தாங்கினால் சாமான் தயார்.

அந்த மூட்டை எங்களை ஒரு நாள் நன்றாகக் காட்டிக்கொடுத்தது. ஜப்பான் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு நாற்காலி வேண்டும் என்று வாங்கிப்போனார். சோதித்தபோது மூட்டை அதில் அம்சமாக உட்கார்ந்திருந்தது. மறுநாளே வண்டியில் வைத்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதலாளியை அதில் பிடித்து உட்கார வைத்தார். முதலாளி வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து தரையில் விழுந்தார். எழுந்து நின்றவருக்குக் கன்னத்தில் ஓர் அறை. நான் ஸ்பிரிங்கைப் பின்பக்கம் இறுக்கி, முன்பக்கம் தளர்த்திவிட்டிருந்தேன். மூட்டைக்கு அது தெரியவில்லை. ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தால் அந்த நொடியே தெரிந்திருக்கும்.

"மூட்ட சரியாத்தானேம்மா உக்காந்துச்சு?" என்று முதலாளி கன்னத்தைத் தடவியபடி கேட்டார்.

"மூட்டைக்கு முட்டி இல்ல முதலாளி. சாய்றதுக்கு முதுகும் இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூட்டையையும் மாற்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து, மத்தியானம் அவர் தொழுகைக்குப் போனதும் நான் நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்தேன். திருட்டுத்தனம்தான். முதல் தடவை சாய்ந்தபோது எனக்கு வந்தது கோபம். இத்தனை வருஷம் இதற்குள் நார் திணித்திருக்கிறேன், இது இவ்வளவு சுகமானது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! என் வீட்டுக்காரர் வாசலில் காவல் நிற்பார். "எறங்கு, யாராச்சும் வந்துடப் போறாங்க" என்று தவித்துக்கொண்டே நிற்பார். நீங்களும் ஒரு தடவை உட்காருங்கள் என்றால், "எனக்கு வேணாம், கூச்சமா இருக்கு" என்பார். அவர் செய்த சட்டத்தில் அவரே ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. முதலில் எஸ்டேட்டுகளில் பிடித்தார்கள். பிறகு டவுனுக்குள்ளும் வந்தார்கள். எங்கள் பகுதிக்கு ஆள் திரட்டிக் கொடுத்தவர் கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில் மண்டோராக இருந்த தமிழர். வேலையாட்களை மேய்க்கிற வேலையில் இருந்தவர், ஜப்பான்காரன் தயவில் ஆளையே அனுப்புகிற நிலைக்கு உயர்ந்துவிட்டார். எங்கள் தெருவில் அவர் காட்டுகிற ஆள் அடுத்த லோரியில் ஏற வேண்டும். என் வீட்டுக்காரரையும் காட்டிவிட்டார். வருகிற திங்கட்கிழமை தயாராக இருக்கச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் அதுவரை பார்க்கவில்லை.

அந்த வாரமே மண்டோர் எங்கள் கடைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். கிள்ளானில் ஒரு பங்களாவைப் பிடித்துக்கொண்டாராம். ஹாலில் போட ஒரு கிளப் நாற்காலி வேண்டுமாம். முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பாக்கியம், இது அல்லாவே கொடுத்த சந்தர்ப்பம். அவரு எதைக் காட்டுறாரோ அதுதான் நல்ல சேரு. புரியுதா? மனசு குளுந்துச்சுன்னா நான் மெதுவா உன் புருஷனைப் பத்திப் பேசிப் பாக்குறேன். நீ வாயத் தொறக்காதே."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற, வாயைத் தைத்துக்கொள்ளச் சொன்னாலும் தைத்திருப்பேன். ஊசி கையிலேயே இருந்தது.

மண்டோர் தன் ஆட்களோடு லோரியில் வந்து இறங்கினார். குள்ளமான மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கடைக்குள் நுழைந்தவர் வரிசையாக எதையும் பார்க்கவில்லை. நேராக மூலையில் கிடந்த ஒரு நாற்காலியிடம் போனார். கடையிலேயே பெரியது அது. எவனோ நெடுநெடுவென்று வளர்ந்த துரைக்காகச் செய்தது. அவன் உயரத்துக்காகக் கால்களுக்கு அடியில் கட்டை வேறு வைத்திருந்தார்கள். வலது கைப்பிடியில் சுருட்டு சுட்ட கறுப்பு வடு. மண்டோர் அந்த வடுவின் மேல் விரலை வைத்தார்.

"இதே சேருதான்" என்றார். "எங்க துரை பங்களா வராண்டால இதுல சாஞ்சுக்கிட்டு, கால மேல போட்டுக்கிட்டு, என்னைய வெயில்ல நிக்க வப்பான். ஒரு நாளாச்சும் படியேறி வான்னு சொன்னதில்ல. இப்ப இது என் வீட்டுல கெடக்கணும்."

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மறைக்க மாட்டேன். அவரும் வெயிலில் நின்றவர்தான். ஆனால் அவர் நாற்காலி தேர்ந்தெடுக்க வரவில்லை என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. அவர் அந்தத் துரையைத் தேடி வந்திருந்தார்.

"ஒக்காந்து பாருங்க ஐயா" என்று முதலாளி துண்டால் நாற்காலியைத் தட்டினார்.

மண்டோர் உட்கார்ந்தார். எங்கள் எல்லோரையும்போல நுனியில்தான் உட்கார்ந்தார். பிறகு, துரை சாய்ந்த மாதிரி சாய வேண்டும் என்று ஞாபகம் வந்தவராகப் பின்னால் தள்ளிப் போனார். போகப் போகக் கால் மேலே எழும்பியது. முதுகு சாய்மானத்தைத் தொட்டபோது இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. பாலர் பள்ளிப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்த கோலம். பின்னால் நின்ற அவருடைய ஆட்களில் ஒருவன் தொண்டையைச் செருமிச் சிரிப்பை விழுங்கினான். மண்டோர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாரி இருக்குய்யா" என்றார் முதலாளி.

மண்டோர் என்னைப் பார்த்தார். "நீதானே குஷன் போட்டவ? நீ சொல்லு. எனக்குப் பொருந்துதா?"

உங்களுக்கு நான் சொல்லித் தரக்கூடிய தொழில் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாங்க வந்தவர் பொருந்தாத சாமானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பொருந்துகிறது என்று சொல்லச் சொல்லி உங்களை மிரட்டுவார். பணக்காரராக இருப்பார், அதிகாரியாக இருப்பார், உங்கள் உயிரையே கையில் வைத்திருப்பவராகவும் இருப்பார். கதவோரத்தில் என் வீட்டுக்காரர் உளியைப் பிடித்தபடி நிற்கிறார். வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சுகிறார். "ஆமாங்கய்யா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பொய் சொன்னால் வீட்டுக்குப் போய் உட்காருகிற வரைதான் அது தாங்கும். அங்கே கால் தொங்கும்போது சிரிக்கப் போகிறவள் அவருடைய பெண்டாட்டி. அந்தக் கோபம் எங்கள் தலையில்தான் வந்து விடியும். ஜப்பான்காரன் கொடுத்த அறையில் அதைக் கற்றிருந்தேன். இது கணக்குப் பார்த்த மனசு. இன்னொரு மனசும் இருந்தது. என் புருஷனை என்னிடமிருந்து பிடுங்குகிற ஆள், கூடவே என் வாயையும் வாங்கிக்கொண்டு போவதா? அதைத் தர முடியாது என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று சீறியது.

"பொருந்தலய்யா" என்றேன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆழம் அதிகம், உயரமும் அதிகம். அதோ, அந்தச் சின்ன சேரு உங்களுக்குச் சரியா இருக்கும். கிளப்புல மெம்மாருங்க அறையில கெடந்தது. தோலு ஒட்டுப் போட்டதுதான், ஆனா சட்டம் தேக்கு. சாஞ்சா காலு தரையில படும்."

"எனக்குப் பொம்பள சேரா?" மண்டோர் குதித்து இறங்கினார். உண்மையாகவே குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. "கிண்டலா பண்ற?"

நான் அப்போது செய்ததை யோசித்துச் செய்யவில்லை. நேராகப் போய் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தேன். நுனியில் இல்லை. முழுசாகப் பின்னால் போய், முதுகைச் சாய்த்து, சுட்ட வடு இருந்த கைப்பிடியின்மேல் கையைப் போட்டேன். ஒரு வேலைக்காரப் பொம்பளை, மண்டோர் நிற்கும்போது, அவருக்கு எதிரே! முதலாளி என்னமோ முனகினார்.

"எந்திரி" என்றார் மண்டோர்.

"சொல்லி முடிச்சிட்டு எந்திரிக்கிறேன். பாருங்க, எனக்கும் காலு எட்டல. இங்க இருக்குற யாருக்கும் எட்டாது. நம்மள நினைச்சு இத எவனும் செய்யல. அன்னிக்கு அவன் உங்கள வெயில்ல நிக்க வச்சான். இன்னிக்கு அவனே இல்ல, அவன் சேரு உங்க காலத் தொங்க விட்டு வேடிக்கை பாக்குது. இதக் காசு கொடுத்து வீட்டுக்கு வேற கொண்டு போகணுமா? உங்க வீட்டுல நீங்க ஒக்கார்றதுக்கு ஒரு சேரு வாங்குங்கய்யா."

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அந்தச் சின்ன நாற்காலியைக்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதில் உட்கார்ந்து மட்டும் பார்த்திருந்தால், என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்னால் அவருடைய ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் அவர் குள்ளமாக முடியாது.

"இதத்தான் எடுக்குறேன். லோரில ஏத்து" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீயே தூக்கு. தூக்கிட்டு அப்படியே நீயும் ஏறு. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு?" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியை ஒற்றை ஆளாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனார். ஏறினார். லோரி போய்விட்டது. மாற்றுத் துணிகூட எடுத்துப்போகவில்லை.

தெரு முழுக்க என்னை ஏசிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் புருஷன் தங்கியிருப்பான் என்றார்கள். ஏசினவர்களில் பக்கத்துத் தெருத் தையல்காரரும் ஒருவர். மண்டோருக்குச் சட்டை சட்டையாகச் சும்மா தைத்துக் கொடுத்து, "ஐயா மாதிரி உண்டா" என்று வாய் வலிக்கப் பாடினவர். அடுத்த லோரியில் அவருடைய மகன் போனான். அதன் பிறகு அந்த மனிதர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

முதலாளி மறுநாள் கடைக்கு வந்ததும் மணல் மூட்டையை இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்து அவிழ்த்துக் கொட்டினார்.

"நான் பொருந்துதுன்னு சொன்னேன். நீ பொருந்தலன்னு சொன்னே. ரெண்டு பேரு பேச்சும் ஒண்ணையும் தடுக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. "பொய் சொன்ன நான்தான் ராத்திரி முழுக்கத் தூங்கலம்மா. இனிமே எல்லாரும் உக்காந்து பாருங்க."

நானும்தான் தூங்கவில்லை. உண்மை சொன்னவளுக்கு நிம்மதியான தூக்கம் வரும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். தினமும் அழுதேன். அழுதுகொண்டே நார் திணித்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ஜப்பான்காரன் தோற்றதும் மண்டோர் இருந்த இடம் தெரியாமல் ஓடிப்போனார். அவருடைய பங்களாச் சாமான்கள் மறுபடி கை மாறி எங்கள் கடைக்கே வந்து இறங்கின. அந்த நாற்காலியும் வந்தது. சுட்ட வடுவை வைத்து அடையாளம் கண்டேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உட்காரும் இடத்தின் முன் விளிம்பில் தோல் வெடித்து, ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தது. சாய்மானத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் இழுத்து அடித்த தோல் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்த மனிதர் சொந்த வீட்டில், சொந்த ஹாலில், நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவைகூடச் சாயவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். கடை வாசலில் யாரோ ஒட்டி உலர்ந்த ஆள் நிற்கிறான் என்று நினைத்து, கிழங்கு கொடுக்க எழுந்து போனேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் அலறியது ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

உடம்பு தேறி உளியைப் பிடிக்க முடிந்ததும், முதல் வேலையாக அந்த நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டேன். காலுக்கு அடியில் இருந்த கட்டைகளைக் கழற்றி, கால்களையும் அளவாக அறுத்தார். நான் சாய்மானத்தைப் பிரித்து, நார் திணித்து, முன்னால் கொண்டுவந்து தைத்தேன். முடிந்ததும், "உட்காருங்க" என்றேன்.

முதலாளி கல்லாவில்தான் இருந்தார். இவர் அவரை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். நுனியில் உட்கார்ந்தார். பிறகு மெல்ல மெல்லப் பின்னால் போய்ச் சாய்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்து நின்றன.

சுட்ட வடுவின்மேல் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார். "அங்க ஒவ்வொருத்தனா சாகுறப்ப, அடுத்து நாந்தான்னு தோணும். அப்பல்லாம் நீ இதுல ஒக்காந்தத நினைச்சுக்குவேன். எந்திரின்னான், நீ எந்திரிக்கல. அத மட்டும் நினைச்சுக்கிட்டு மறுநாளும் எந்திரிச்சு நிப்பேன், பாக்கியம்."

என்னை ஏசின தெரு முழுவதையும் கூட்டி வந்து அதைக் கேட்க வைத்திருக்க வேண்டும். கேட்டது நானும் முதலாளியும் மட்டுந்தான். முதலாளி எழுந்து வெளியே போய், வெகு நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

இப்போது வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேனே, அதுதான் இந்த நாற்காலி. விற்பனைக்கு இல்லை. கைப்பிடியில் வடுவைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, இது எந்தத் துரை உக்காந்த சேரு?" என்று யாராவது கேட்பார்கள். மற்ற நாற்காலிகளுக்கு வாயைத் திறக்காத நான் இதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

"எங்க வீட்டுக்காரர் உக்காந்த சேரு."